கம்பெனி இணையதளம்: ஊகித்துத் தட்டுவதா, தேடிப் பிடிப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக் கணக்கு, விமான டிக்கெட், மிக்ஸி பழுது, கேஸ் சிலிண்டர் என்று எதற்கும் இன்று முதலில் இணையதளத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே போய்ச் சேர இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. கம்பெனியின் பெயரோடு டாட் காம் சேர்த்துத் தட்டிப் பார்ப்பது ஒன்று. கூகுளில் பெயரைப் போட்டு, முதலில் வருவதைத் தொடுவது மற்றொன்று. இரண்டிலும் ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். கீழே முகவரிகளை வேண்டுமென்றே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எந்த வழி நல்லது?

பணம், கடவுச்சொல், ஆதார் எண் இவற்றில் எதையாவது கொடுக்க வேண்டிய தளம் என்றால் இரண்டு வழியும் வேண்டாம். பாஸ்புக்கிலோ பில்லிலோ அச்சாகியிருக்கும் முகவரியைப் பார்த்து ஒருமுறை தட்டி, உலாவியில் புக்மார்க் செய்து வைத்துவிடுங்கள். விலை பார்க்க, கிளை எங்கே இருக்கிறது என்று அறிய, தேடுபொறி போதும். ஊகம் என்பது ஊர் உலகத்துக்கே தெரிந்த பெரிய பெயர்களுக்கு மட்டும். அதுவும் தவறான இடத்துக்குப் போய்விட்டாலும் நஷ்டம் ஒன்றுமில்லை என்கிறபோது மட்டும்.

பெயர் சரியாகத் தெரியும். டாட் காம் சேர்த்தால் வந்துவிடாதா?

வரலாம், வராமலும் போகலாம். டாட் காம் போன்ற டொமைன் பெயர், அதாவது இணைய முகவரி, கொடுப்பதில் ஆரம்பத்திலிருந்தே ஒரே விதிதான்: முதலில் கேட்டவருக்கே கிடைக்கும். யார் பெரிய கம்பெனி, அந்தப் பெயரில் யாருக்கு உரிமை அதிகம் என்றெல்லாம் டாட் காம் பதியும்போது யாரும் விசாரிப்பதில்லை. 1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிந்தது. அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. 1995 செப்டம்பரில்தான் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் என்று வசூலிக்கத் தொடங்கினார்கள். பெரிய கம்பெனிகள் விழித்துக்கொள்வதற்குள் நல்ல பெயர்கள் பல கைமாறிவிட்டன.

இதில் மறக்க முடியாதது நிசான் வழக்கு. அமெரிக்காவின் வட கரோலினாவில் கணினி வியாபாரம் செய்துவந்த உசி நிசான் என்பவருக்குக் குடும்பப் பெயரே நிசான். 1994 இல் நிசான் டாட் காம் முகவரியைத் தன் பெயரில், தன் தொழிலுக்காகப் பதிந்துகொண்டார். 1999 இல் கார் கம்பெனி அவர்மீது வழக்குப் போட்டது. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 2020 இல் அவர் இறக்கும்வரை முகவரி அவரிடமிருந்து பறிபோகவில்லை. கார் வாங்கும் ஆசையில் நிசான் டாட் காம் என்று தட்டிய அமெரிக்கர்கள் வழக்கின் கதையைப் படித்துவிட்டுத் திரும்பினார்கள். கார் கம்பெனியின் அமெரிக்கத் தளமோ நிசான்யுஎஸ்ஏ டாட் காம். தட்டியவர் எழுத்துப் பிழை எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். சரியான பெயரைச் சரியாகத் தட்டியும் வேறு வீட்டு வாசலில் போய் நின்றார்.

பணம் கொட்டிப் பெயரை மீட்டவர்களும் உண்டு. டெஸ்லா 2016 வரை டெஸ்லாமோட்டார்ஸ் டாட் காம் முகவரியில்தான் இருந்தது. ஃபேஸ்புக் முதலில் 'திஃபேஸ்புக்' என்ற முகவரியில் இயங்கியது. 2005 இல் 2,00,000 டாலர் கொடுத்துத்தான் இன்றைய முகவரியை வாங்கியது. நம் ஊரில் இண்டிகோ விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முகவரி கோஇண்டிகோ டாட் இன். முன்னால் ஒரு 'கோ', பின்னால் டாட் காமுக்குப் பதில் டாட் இன். இரண்டையும் சேர்த்து ஊகிக்கிறவர் ஜோசியராகத்தான் இருக்க வேண்டும்.

இணையத்திலேயே பிறந்த கம்பெனிகளுக்கு மட்டும் ஊகம் நன்றாக வேலை செய்கிறது. முகவரி கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டே பெயர் வைப்பவர்கள் அவர்கள். இணையத்துக்கு முன்பே பெயர் வைத்துக்கொண்ட பழைய கம்பெனிகள் கிடைத்த முகவரியோடு சமாதானமாகிவிட்டன.

அப்படியானால் ஊகித்துத் தட்டும் பழக்கம் எப்படி வந்தது?

1990களில் வேறு வழி அதிகம் இல்லை. 1994 இல் தொடங்கிய யாஹூ, ஆட்கள் உட்கார்ந்து வகை பிரித்த ஓர் அட்டவணை. 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டாதான் இணையத்தின் பெரும்பகுதியைச் சொல் சொல்லாகத் தேட வைத்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தத் தேடுபொறியையே ஊகித்துப் பிடிக்க முடியாது. அது டிஜிட்டல் என்ற கணினிக் கம்பெனியின் தளத்துக்குள் ஒரு மூலையில் இருந்தது. ஆல்டாவிஸ்டா டாட் காம் அதே பெயர் கொண்ட வேறொரு சிறிய கம்பெனியிடம் இருந்தது. டிஜிட்டலை வாங்கிய காம்பாக், 1998 இல் முப்பது லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து அந்தப் பெயரை வாங்க நேர்ந்தது.

1994 இல் ஜோஷுவா குவிட்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், பெரிய கம்பெனிகள் எவ்வளவு அசட்டையாக இருக்கின்றன என்று காட்டுவதற்காக மெக்டொனால்ட்ஸ் டாட் காம் முகவரியைத் தானே பதிந்துகொண்டு கட்டுரை எழுதினார். நியூயார்க்கில் ஒரு பள்ளிக்குக் கணினி வசதிக்கு உதவ வைத்த பிறகே அதைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். வேறு யாராவது பதிந்திருந்தால் அவ்வளவு மலிவாக முடிந்திருக்காது.

உலாவிகளும் ஊகத்துக்குத் துணை போயின. முகவரிப் பட்டையில் வெறும் பெயரை மட்டும் தட்டி, கன்ட்ரோல் விசையோடு என்டரை அழுத்தினால் முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூவும் பின்னால் டாட் காமும் தானாகச் சேரும். கணினியில் இன்றும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இது வேலை செய்கிறது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று சில நேரம் தோன்றும்.

2003 செப்டம்பர் 15 அன்று டாட் காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் ஒரு காரியம் செய்தது. இல்லாத டாட் காம், டாட் நெட் முகவரியை யார் தட்டினாலும் 'அப்படி ஒன்று இல்லை' என்ற பதிலுக்குப் பதிலாகத் தன் சொந்தத் தேடல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு கண்டிப்பாகச் சொன்ன பிறகு அக்டோபர் 4 அன்று நிறுத்தியது. தவறாகத் தட்டப்படும் எழுத்துகளுக்கும் சந்தை விலை உண்டு என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

தமிழ்ப் பெயர் கொண்ட கடைகளுக்கு ஊகம் எடுபடுமா?

அநேகமாக எடுபடாது. 'திருவள்ளுவர்' என்று ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்தில் 'தி'க்கு டி ஐ போதுமா, நடுவில் எச் வேண்டுமா? 'வ'வுக்கு வி போட்டார்களா, டபிள்யூ போட்டார்களா? 'ள்ளு'வுக்கு எல் ஒன்றா, இரண்டா? இந்த மூன்று சந்தேகத்துக்கே எட்டு எழுத்துக்கூட்டல்கள். முகவரியின் கடைசிப் பகுதியை வால் என்று சொல்லிக்கொள்வோம். டாட் காம், டாட் இன், டாட் கோ டாட் இன் என்று மூன்று வால்களை வைத்துப் பெருக்கினால் இருபத்து நான்கு. பெயரில் ழகரமோ நெடிலோ வந்துவிட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும். அதற்கும் மேலே எண் கணிதம் வேறு. ஜோதிடர் சொன்னார் என்று பெயரில் இன்னொரு ஏயோ எச்சோ சேர்த்துக்கொண்ட முதலாளியின் முகவரியை எந்த அறிவாளியும் ஊகிக்க முடியாது.

எழுத்துக்கூட்டலைத் தாண்டி, பெயரே வேறாகவும் இருக்கும். தினத்தந்தியின் முகவரி டெய்லிதந்தி டாட் காம். 'இந்து தமிழ் திசை'யின் முகவரி ஹிந்துதமிழ் டாட் இன். இங்கெல்லாம் தேடுபொறிதான் கைகொடுக்கும். தமிழ் எழுத்திலேயே பெயரைத் தட்டினாலும், ஆங்கிலத்தில் ஓரெழுத்து விட்டுப்போனாலும், அது சமாளித்துக்கொள்ளும். பெயரோடு ஊரையும் சேர்த்துப் போடுங்கள். ஒரே பெயரில் மதுரையில் நகைக்கடையும் திருப்பூரில் பனியன் கம்பெனியும் இருக்கலாம்.

ஓரெழுத்து மாறினால் 'பக்கம் இல்லை' என்றுதானே வரும்? அதனால் என்ன?

அப்படி வந்தால் அதிர்ஷ்டம். புகழ்பெற்ற தளங்களின் எழுத்துப் பிழை வடிவங்களை யாராவது முன்பே பதிந்து வைத்திருப்பார்கள். சிலர் விளம்பரம் காட்டிக் காசு பார்ப்பார்கள். சிலர் அசல் தளத்தின் நகலை வைத்துக் கடவுச்சொல் பறிப்பார்கள். எழுத்து சரியாக இருந்து வால் மட்டும் மாறினாலும் இதே கதிதான். அமெரிக்க அதிபர் மாளிகையின் தளம் டாட் கவ் என்று முடியும். 1990களின் கடைசியில் அதே பெயரோடு டாட் காம் தட்டிய பள்ளிப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்தது பெரியவர்களுக்கான ஆபாசத் தளத்துக்கு.

டாட் காம் என்பதில் ஓ விட்டுப்போனால் அது டாட் சிஎம். ஆப்பிரிக்க நாடான கேமரூனின் வால். 2006 இல் அங்கே, பதிவாகாத எந்த டாட் சிஎம் முகவரியைத் தட்டினாலும் விளம்பரப் பக்கம் வரும்படி ஏற்பாடு செய்துவிட்டார்கள். சி விட்டுப்போனால் டாட் ஓஎம். அது ஓமன் நாட்டுக்குரியது. எம் விட்டுப்போனால் டாட் சிஓ, கொலம்பியா. ஒரே வாலில் எந்த எழுத்தைத் தவற விட்டாலும் வேறொரு நாட்டில் போய் இறங்குவோம்.

இந்திய நீதிமன்றங்கள் இதை ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டன. 1999 இல் 'யாஹூஇந்தியா டாட் காம்' என்ற முகவரியைப் பயன்படுத்தியவருக்கு எதிராக டெல்லி உயர்நீதிமன்றமும், ரெடிஃப் தளத்தின் பெயரில் ஓரெழுத்தை மாற்றி 'ராடிஃப்' என்று பதிந்தவர்களுக்கு எதிராக பம்பாய் உயர்நீதிமன்றமும் தடை விதித்தன. டொமைன் பெயரும் வணிகப் பெயரைப் போலவே சட்டப் பாதுகாப்புக்கு உரியது என்று 2004 இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் தவறாகத் தட்டியவரின் பணம் போயிருக்கும்.

நான் முகவரிப் பட்டையில்தான் பெயரைத் தட்டுகிறேன். அது ஊகமா, தேடலா?

பெரும்பாலும் தேடல். 2008 இல் குரோம் உலாவி வந்தபோது முகவரிப் பட்டையையும் தேடல் பெட்டியையும் ஒன்றாக்கியது. மற்ற உலாவிகளும் அதே வழிக்கு வந்துவிட்டன. புள்ளி வைத்துத் தட்டினால் முகவரி என்று எடுத்துக்கொள்ளும். வெறும் சொல்லாக இருந்தால் தேடுபொறிக்கு அனுப்பிவிடும். முகவரியைத் தட்டியதாக நினைத்துக்கொண்டு தேடல் முடிவைத் தொடுகிறவர்கள் ஏராளம்.

இதற்கு 2010 பிப்ரவரியில் நடந்ததைவிட நல்ல சாட்சி கிடையாது. ரீட்ரைட்வெப் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் ஃபேஸ்புக் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. 'ஃபேஸ்புக் லாகின்' என்று கூகுளில் தேடினால் அந்தக் கட்டுரை மேலே வர ஆரம்பித்தது. தினமும் அப்படித் தேடியே ஃபேஸ்புக்குக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் வழக்கம்போல மேலே இருந்ததைத் தொட்டுக் கட்டுரைக்குள் வந்து, 'புது ஃபேஸ்புக் எனக்குப் பிடிக்கவில்லை, பழையதைக் கொடுங்கள், எப்படி உள்ளே போவது?' என்ற தோரணையில் நூற்றுக்கணக்கில் புகார் எழுதிவிட்டார்கள். இது வேறு தளம் என்று கட்டுரைக்குள்ளேயே பெரிய எழுத்தில் அறிவிப்பு வைத்த பிறகும் புகார்கள் ஓயவில்லை. சிரிக்கலாம். அன்று அவர்கள் வந்து விழுந்தது செய்தித் தளத்தில் என்பதால் சிரிக்க முடிகிறது.

தேடினால் முதலில் வருவதுதான் அசல் தளமா?

முதலில் வருவது பல நேரங்களில் விளம்பரம். 'ஸ்பான்சர்டு' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அவசரத்தில் கண்ணில் படாது. பணம் கட்டியவர் மேலே வருகிறார், அவ்வளவுதான். போட்டிக் கம்பெனியாக இருக்கலாம், முகவராக இருக்கலாம், மோசடிக்காரராகவும் இருக்கலாம். அமெரிக்காவின் எஃப்பிஐ 2022 டிசம்பரில் இதைப் பற்றிப் பொது எச்சரிக்கையே விடுத்தது: கம்பெனிகளைப் போல வேடமிட்டுத் தேடல் விளம்பரம் வாங்குகிறார்கள், ஆகவே தேடுவதற்குப் பதில் முகவரியை நேரடியாகத் தட்டுங்கள் என்று. தட்டுவதை விட்டுவிட்டுத் தேடப் பழகிய உலகத்துக்கு, திரும்பவும் தட்டு என்று போலீசே சொல்லும் காலம் வந்துவிட்டது.

விளம்பரத்தைத் தாண்டினால் அடுத்த தொல்லை இடைத்தரகர்கள். கோவை பம்பு கம்பெனி ஒன்றின் பெயரைத் தேடிப் பாருங்கள். கம்பெனியின் சொந்தத் தளத்துக்கு மேலே வணிக அடைவுத் தளங்கள் வரிசையாக நிற்கும். அவை மோசடி அல்ல, ஆனால் கம்பெனியும் அல்ல. அங்கே கைப்பேசி எண்ணைக் கொடுத்து விலை கேட்டால், நீங்கள் கேட்காத விற்பனையாளர்களும் மாலைக்குள் அழைப்பார்கள்.

பாஸ்போர்ட் இன்னும் மோசம். அசல் தளம் பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன். பெயரில் 'பாஸ்போர்ட்', 'இந்தியா' இரண்டையும் முன்பின்னாக மாற்றிப் போட்டு, டாட் ஆர்க், டாட் இன், டாட் காம் வால்களோடு விண்ணப்பக் கட்டணம் வசூலித்த போலித் தளங்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது.

வாடிக்கையாளர் சேவை எண்ணை மட்டும் தேடி எடுக்கலாமா?

கூடாது. என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது என்பேன். இந்தியாவில் மிகப் பரவலாக நடக்கும் மோசடிகளில் இது ஒன்று. கம்பெனி பெயரோடு 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடுபவர் ஏற்கெனவே ஏதோ சிக்கலில் இருக்கிறார். ரீஃபண்ட் வரவில்லை, பணம் பிடித்துவிட்டார்கள், பார்சல் வரவில்லை. அந்தப் பதற்றத்தை எதிர்பார்த்தே பொய் எண்களை இணையப் பக்கங்களிலும் வரைபடத் தளங்களிலும் விதைத்து வைத்திருக்கிறார்கள். எதிர்முனையில் பேசுகிறவர் மிகவும் பணிவாகப் பேசுவார். ஒரு செயலியை நிறுவச் சொல்வார். நிறுவியதும் உங்கள் கைப்பேசித் திரை அவர் கண்ணுக்குத் தெரியும். சேவை எண் வேண்டுமென்றால் அட்டையின் பின்பக்கம், பில், கம்பெனியின் செயலி, சரிபார்த்த இணையதளம், இவற்றிலிருந்து மட்டும் எடுங்கள்.

வங்கித் தளம் அசல்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்த விஷயத்தில் ரிசர்வ் வங்கி நமக்கு நல்லது செய்திருக்கிறது. முன்பு ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு விதமான முகவரி வைத்திருந்தது. ஸ்டேட் வங்கிக்கே ஆன்லைன்எஸ்பிஐ டாட் காம், ஆன்லைன்எஸ்பிஐ டாட் எஸ்பிஐ, பேங்க் டாட் எஸ்பிஐ என்று பல. ஓய்வூதியக்காரர் எதை நம்புவார்? வங்கிகள் எல்லாம் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. 2025 அக்டோபர் 31 வரை கெடு வைத்தது. இந்த வாலைக் கொடுக்கும் அதிகாரம் ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற ஒரே நிறுவனத்துக்கு மட்டும். யாரோ ஒருவர் கடன் அட்டையில் பணம் கட்டி இதை வாங்கிவிட முடியாது.

ஸ்டேட் வங்கி இப்போது எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன். ஊகிக்கக்கூடிய முகவரி என்றால் இப்படி இருக்க வேண்டும். வாலுக்குக் காவல் இருப்பதால் ஊகத்துக்கும் மதிப்பு வருகிறது. ஆனாலும் வங்கியின் பெயர்ச்சுருக்கத்தை ஊகிப்பதைவிடப் பாஸ்புக்கைப் பார்ப்பது மேல்.

அரசுத் தளங்கள் எல்லாம் டாட் கவ் டாட் இன் தானே?

துறைகள் பெரும்பாலும் அப்படித்தான். அரசு நிறுவனங்களில் விதிவிலக்குகள் தாராளம். ரயில் டிக்கெட்டுக்கு ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன். எல்ஐசிக்கு எல்ஐசிஇந்தியா டாட் இன். தமிழ்நாடு மின்வாரியம் மின்கட்டணத்தை டிஎன்இபிநெட் டாட் ஆர்க் முகவரியில் வசூலித்துவந்தது. ஆர்க் வாலை உலகில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆகவே டாட் கவ் டாட் இன் இருந்தால் நம்பலாம். இல்லாவிட்டால் போலி என்று முடிவுகட்டிவிடாமல் வேறு வழியில் சரிபாருங்கள்.

பூட்டுக் குறி இருந்தால் போதாதா?

போதாது. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது திருடனா என்று பூட்டுக்குத் தெரியாது. அந்தப் பூட்டைக் காட்டத் தேவையான சான்றிதழ் திருடனுக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

முகவரியை எப்படி வாசித்து உண்மையைக் கண்டுபிடிப்பது?

வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். குறுஞ்செய்தியில் இப்படி ஓர் இணைப்பு வருகிறது என்று வையுங்கள்: எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன் டாட் கேஒய்சி-அப்டேட் டாட் டாப், அதற்குப் பிறகு ஒரு சாய்கோடு, அதற்குப் பிறகு 'லாகின்'. இடமிருந்து வாசித்தால் வங்கி போலவே தெரியும். அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் அமைத்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, முதல் ஒற்றைச் சாய்கோட்டில் விரலை வையுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாக நகருங்கள். முதலில் வருவது வால்: 'டாப்'. அதற்கு முன்னால் இருக்கும் சொல்: 'கேஒய்சி-அப்டேட்'. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் முகவரிக்காரர். அதற்கும் இடப்பக்கம் இருப்பதெல்லாம் அவர் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்ட அலங்காரம்; அங்கே ஸ்டேட் வங்கி என்றும் எழுதலாம், ஜனாதிபதி மாளிகை என்றும் எழுதலாம். டாட் கோ டாட் இன், டாட் கவ் டாட் இன், டாட் பேங்க் டாட் இன் போன்றவற்றில் மட்டும் இரண்டு சொற்களையும் சேர்த்து வாலாகக் கொள்ளுங்கள். கைப்பேசித் திரையில் முழு முகவரி தெரியாவிட்டால் முகவரிப் பட்டையைத் தொட்டு நகர்த்திப் பாருங்கள்.

அச்சில் பார்க்கச் சொல்கிறீர்கள். எங்கே பார்ப்பது?

சட்டமே உங்களுக்கு உதவுகிறது. 2013 ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 12 ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற ஒவ்வொரு கம்பெனியும் தன் கடிதத் தாளிலும் பில்லிலும் பதிவு அலுவலக முகவரி, அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றையும், இணையதளம் இருந்தால் அதையும் அச்சிட்டாக வேண்டும். பழைய பில்லைத் தூக்கி எறியாதீர்கள்.

பில் இல்லையா? பாக்கெட்டைத் திருப்புங்கள். பொட்டலப் பொருள்களுக்கான 2011 ஆம் ஆண்டு சட்ட அளவியல் விதிகளின்படி நுகர்வோர் புகாருக்கான பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் இருக்க வேண்டும். மசாலாத் தூள் பாக்கெட்டின் பின்னால் எறும்பு எழுத்தில் அச்சாகியிருக்கும் அந்த மின்னஞ்சலில் 'அட்' குறிக்குப் பிறகு வருவது பெரும்பாலும் கம்பெனியின் டொமைன்தான். ஜிமெயில் என்று இருந்தால் மட்டும் இந்த வழி உதவாது.

சின்னக் கடைக்கு இணையதளமே கிடைக்கவில்லை. ஏமாற்றுக் கடையா?

அவசியம் அப்படி இல்லை. காஞ்சிபுரத்தில் பட்டு விற்கும் எத்தனையோ பேருக்கு இன்ஸ்டாகிராம் பக்கமும் வாட்ஸ்அப் எண்ணும்தான் கடை முகப்பு. இணையதளம் வைத்துக் கட்டணம் கட்டிப் பராமரிப்பது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இங்கே ஊகம் வீண் வேலை; தேடலில் வரைபடத்தில் வரும் கடையின் படமும் வாடிக்கையாளர் கருத்துகளும் ஓரளவு உதவும். முன்பணம் அனுப்புவதற்கு முன் ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு, ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். கடைப்பெயர் ஒத்துப்போக வேண்டும்.

முகவரியைத் தமிழ் எழுத்திலேயே தட்ட முடியாதா?

முடியும். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே மூன்று நாட்டு வால்கள் அதிகாரபூர்வமாக இருக்கின்றன. எழுத்துக்கூட்டல் குழப்பத்துக்கு இதைவிட நல்ல தீர்வு கிடையாது. ஆனால் வணிகர்கள் வாங்கவில்லை, மக்களும் தட்டவில்லை. தமிழில் முகவரி வைத்திருக்கும் கடையைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. பல மொழி எழுத்துகளை அனுமதித்ததில் ஒரு புதிய ஆபத்தும் வந்தது: 2017 இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், ரஷ்ய மொழி போன்றவற்றை எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்துகளை மட்டும் வைத்து, பார்வைக்கு ஆப்பிள் டாட் காம் போலவே இருக்கும் முகவரியைப் பதிந்து காட்டினார். குரோம் பிறகு தன் விதிகளை இறுக்கியது.

செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் கேட்டால் சொல்லுமே?

சொல்லும், தயங்காமல் சொல்லும். இணையத்தில் தேடிப் பார்க்காமல் பயிற்சியில் கற்றதிலிருந்து சொன்னால், அதுவும் ஊகம்தான். பெயரோடு பொருத்தமான வாலைச் சேர்த்து, இல்லாத முகவரியைக்கூட நம்பிக்கையோடு எழுதிவிடும். அப்படி எழுதப்படும் முகவரியை நாளை ஒருவர் பதிந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை.

தவறான தளத்தில் விவரங்களைக் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

உடனே வங்கிக்குச் சொல்லி அட்டையையும் கணக்கையும் முடக்குங்கள். அடுத்து 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு; 'நாளைக் காலை போகலாம்' என்று விட்டுவிடாதீர்கள். அதே கடவுச்சொல்லை வேறு எங்கே வைத்திருந்தாலும் மாற்றுங்கள். போலித் தளத்தின் முகவரி தெரியும்படி திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நானே சிறு தொழில் நடத்துகிறேன். வாடிக்கையாளர் என்னைச் சரியாக வந்தடைய என்ன செய்ய வேண்டும்?

டாட் இன், டாட் காம் இரண்டையும் வாங்குங்கள். பெயரைப் பிறர் எப்படியெல்லாம் எழுதுவார்கள் என்று நான்கு பேரிடம் எழுதச் சொல்லிப் பாருங்கள். அதிகம் வரும் ஒன்றிரண்டு வடிவங்களையும் பதிந்து, அசல் தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். ஆண்டுக்குப் பெரிய செலவு ஆகாது. கோடு, எண், சுருக்கெழுத்து எல்லாம் வேண்டாம். தொலைபேசியில் ஒருமுறை சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் சரியாகத் தட்ட வேண்டும்.

உங்கள் பெயரை வேறொருவர் தீய நோக்கத்தோடு பதிந்திருந்தால், டாட் இன் முகவரிக்கு, அந்த வாலை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் தகராறு தீர்வு முறை இருக்கிறது. டாட் காமுக்கு 1999 இல் வந்த யுடிஆர்பி என்ற சர்வதேச முறை இருக்கிறது. ஜெனிவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு உள்ளிட்டவை விசாரிக்கின்றன. யுடிஆர்பியில் வென்றால் பெயர் உங்களுக்கு மாற்றித் தரப்படும் அல்லது ரத்தாகும், நஷ்டஈடு கிடைக்காது. உசி நிசான் போலத் தன் சொந்தப் பெயரைப் பதிந்தவரிடம் இது செல்லுபடியாகாது.

இன்னொன்று. டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதியுங்கள். தளம் அமைத்துத் தரும் தம்பியின் பெயரில் பதிந்துவிட்டு, அவர் வேறு வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டு முகவரியை இழந்த கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. பல ஆண்டுகளுக்குச் சேர்த்தே பணம் கட்டிவிடலாம். டாட் காமுக்குப் பத்து ஆண்டுகள் வரை அனுமதி உண்டு.